பொழியோரம் மூணடி

மருதாசலத்துக்கு என்ன குறைச்சல் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒருவராலும் சொல்ல முடியாது. பரமத்தியிலிருந்து வடக்கே போகிற தார்ரோட்டை ஒட்டி இரண்டரை ஏக்கர் தோட்டம். தெற்குப் பக்கத்தில் மாடி வைத்த வீடும், ஐயாயிரம் முட்டைக்கோழி நிற்கிற கொட்டாயும். நடுவில், கிழக்கு ஓரமாக, எந்தக் கோடையிலும் அடி காணாத கிணறு. ஒரே மகள் வெண்ணிலாவை ஈரோட்டில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஐம்பத்தாறு வயதில் சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது. இவ்வளவும் இருந்தும் மனுசன் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்.

போன தை மாதம் வரைக்கும் அந்த நடைக்குக் காரணம் எதுவும் இல்லை. தையில் காரணம் வந்து சேர்ந்தது. அவர் மனைவி அமுதவல்லியின் தம்பி ஜெயபிரகாஷ் மோகனூர்ப் பக்கம் பண்ணை வைத்திருக்கிறான். மூன்றாவது கொட்டாய் போட்டு, புது வீடு புகுகிற மாதிரி ஊரைக் கூட்டி விருந்து வைத்தான். மருதாசலம் போனார், நன்றாகத்தான் சாப்பிட்டார். கச்சாயம் மட்டும் நாலு தின்றார். ஆனால் அந்த மூன்றாவது கொட்டாயின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தாரே, அதுதான் செரிக்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போதே வடவோரத்தில் இன்னொரு கொட்டாய் போடுவதென்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் காலை கொட்டாய்க்குள் அமுதவல்லி முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூண்டின் முன்கம்பியில் உருண்டு வந்து நிற்கிற முட்டைகளை இரண்டு கையிலும் அள்ளி அள்ளி அட்டையில் அடுக்குவாள். முப்பது முட்டை அடுக்கினால் ஓர் அட்டை நிறையும். கண் அதில் இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. இன்னொரு கொட்டாய் போட்டு யாருக்குங்க?"

"யாருக்கா? நமக்குத்தான்."

"நமக்கு இருக்கறதே நாம தின்னு தீக்க முடியல. வெண்ணிலாவுக்குக் கோழி நாத்தமே ஆகாது. மாப்ளை கம்பெனி வேலைய உட்டுப்போட்டு இங்க வந்து தீவனம் அள்ளுவாருங்களா? இந்த ஐயாயிரத்தப் பாக்கறதுக்கே எனக்கு முதுவு கழண்டு போவுது."

"உன்ற தம்பி மூணு போட்டிருக்கான். அவனுக்கு மட்டும் முதுவு இல்லியா?"

"அவனுக்கு வயசு முப்பத்தெட்டுங்க."

"அப்ப எனக்கு வயசாயிப் போச்சுங்கறே."

"நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க சாமி" என்று அமுதவல்லி அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். முப்பது வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியும். மூடியது தப்பு என்று பின்னால் அவளே சொல்லிச் சொல்லி அழுதாள்.

கோழிக் கொட்டாயைக் கிழக்கு மேற்காகத்தான் நீட்டிப் போட வேண்டும். அப்போதுதான் வெயில் உள்ளே இறங்காது. ரோட்டோரத்திலிருந்து கிழக்குப் பொழி வரைக்கும் எத்தனை அடி என்று பார்க்க வேண்டியிருந்தது. பொழி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது இரண்டு காட்டுக்கும் நடுவில் விட்டிருக்கிற எல்லை மேட்டை. இ-சேவைக் கடையில் நிலப்படத்தை ஒரு நகல் எடுத்து வந்தார். டேப்பின் ஒரு முனையை அமுதவல்லி பிடிக்க, இவர் மறுமுனையோடு பொழி வரைக்கும் நடந்தார். வடவோரத்தில் படத்தில் இருப்பதைவிடத் தரையில் மூணடி குறைந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அதே மூணடி.

"மூணடி கொறச்சே கட்டுங்க" என்றாள் அமுதவல்லி.

"மூணடி கொறஞ்சா வரிசைக்கு ரண்டு கூண்டு போயிரும் புள்ள. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தன வரிசை, நெனச்சுப் பாரு."

அவர் நினைத்துப் பார்த்தார். சாப்பிடும்போது நினைத்தார், குளிக்கும்போது நினைத்தார். பொழியில் போய் நின்றுகொண்டு கிழக்கே பார்த்தார். இத்தனை வருசமாகத் தன் மண்ணில் இன்னொருத்தர் வெள்ளாமை வைத்துத் தின்றிருக்கிறார்கள் என்று எண்ண எண்ண வயிறு எரிந்தது.

கிழக்கே இருந்தது கண்ணாத்தாளின் காடு. பெரியப்பன் மகன் கைலாசத்தின் மனைவி, முறைக்கு இவருக்கு நங்கை, அதாவது அண்ணி. கைலாசம் போய்ச் சேர்ந்து நாலு வருசம் ஆகிறது. மகன் சபரிநாதன் லாரி ஓட்டுகிறவன், வருசத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். கிணறு இல்லாத மானாவாரிக் காடு. ஆடியில் மழை விழுந்தால் கடலை போடுவாள். மற்றபடி எட்டு ஆடும் ஒரு தகரக் கொட்டகையும் அவளுமாக இருந்தாள். குடிக்கவும் ஆட்டுக்கும் தண்ணீர் மருதாசலத்தின் கிணற்றிலிருந்து ஓஸ் குழாயில் போகும். காலையில் அரை மணி நேரம். அரை மணிக்கு மேல் ஐந்து நிமிசம் ஓடினாலும் இவர் போய் வால்வைத் திருகிவிடுவார்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் போனார். கண்ணாத்தாள் ஆட்டுக்குக் கிளுவைத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. வெயில்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு, நெழல்ல உக்காருங்க. மோர் கொண்டாறட்டுங்களா?"

"மோரெல்லாம் வேண்டாமுங்க நங்கை. பொழியில ஒரு சங்கதி. வடவோரத்துல எனக்கு மூணடி கொறையுதுங்க. அண்ணன் இருந்தப்ப ஏரு ஓட்டறப்பப் பொழியச் சீவிட்டாரோ என்னமோ. அவரக் குத்தஞ் சொல்லலீங்க."

"சீவியிருந்தாலும் இருப்பாருங்க. எனக்கென்ன தெரியும்? மூணடிதானுங்களே, எடுத்துக்கங்க. அந்த ஓரத்துல நெருஞ்சியுங் கோரையுந்தான் மொளைக்குது. தாராளமாக் கட்டிக்கங்க."

இதோடு அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒரு மனுசி மறுபேச்சில்லாமல் மூணடியைக் கொடுத்தால், அங்கே ஆறடி இருக்கிறது என்றுதான் மருதாசலத்துக்குத் தோன்றியது.

"இல்லீங்க நங்கை. நீங்க குடுத்து நான் வாங்குனதா இருக்கக் கூடாது. என்னுது எவ்வளவோ அதக் கல்லு நட்டுக் காட்டோணும். நாளைக்குச் சபரி வந்து, ஆரக் கேட்டுக் கட்டுனீங்கன்னா நான் என்ன பண்றது?"

"அவன் நாகாலாந்துக்குச் சரக்கு ஏத்திட்டுப் போயிருக்கான். காடு எந்தத் தெசையில இருக்குதுன்னே அவனுக்கு மறந்திருக்கும்."

"இருந்தாலும் அளவைக்கு மனுக் குடுத்தர்றனுங்க."

"உங்க இஷ்டமுங்க. காலைல தண்ணி மட்டும் சித்த சேத்தி உடுங்க தம்பி. ரண்டு ஆடு குட்டி போட்டிருக்குது."

"பாக்கலாமுங்க" என்றார். பார்க்கவில்லை. பங்குனி வெயிலில் கோழிக்கே தண்ணீர் போதாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிணற்றில் அப்போதும் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் அளவைக்காரர் வந்தார். ஆனந்தகுமார் என்று பேர், முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான ஆள். கூடச் சங்கிலியும் கம்பியும் தூக்கிக்கொண்டு ஓர் உதவியாளர். அமுதவல்லி விடியற்காலையிலேயே எழுந்து அரிசிம்பருப்புச் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் கெட்டித் தயிரும் செய்து வைத்திருந்தாள். கண்ணாத்தாளுக்கும் நோட்டீஸ் போயிருந்ததால் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவளும் வந்து பொழியில் நின்றாள்.

வடவோரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பழைய கல்லைத் தோண்டி எடுத்து, அங்கிருந்து சங்கிலி பிடித்தார்கள். உதவியாளர் பொழியைத் தாண்டிக் கண்ணாத்தாளின் காட்டுக்குள் கால் வைத்ததும் மருதாசலம் அவர் பின்னாலேயே போனார். மூணடி நாலு அங்குலத்தில் கம்பி இறங்கியது.

"உங்களுதுதானுங்க" என்றார் ஆனந்தகுமார்.

"பாத்தியா புள்ள? நான் சொன்னனா இல்லியா?"

மருதாசலம் போய் அந்த மூணடி நாலு அங்குலத்தில் இரண்டு காலையும் வைத்து நின்றார். நாலு அங்குலம் கூடவே வந்ததில் அவருக்கு முகமெல்லாம் பல்.

"சரிங்க சார், வாங்க, சாப்பிடலாம்."

"இருங்க, இன்னும் முடியல. எல்லை இங்கிருந்து நேராப் போகலீங்க."

"நேராத்தானுங்க போவுது. பொழியப் பாருங்க, நூல் புடிச்ச மாதிரி."

"பொழி நேராப் போவுது. படத்துல நடுவுல மேக்க ஒடிஞ்சு, கொஞ்ச தூரம் தெக்க போயி, மறுபடி கெழக்க சேருது. நீங்க படத்த முழுசாப் பாக்கலீங்களா?"

அவர் வடவோரத்து எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார். நூறு தடவை பார்த்திருந்தார். அதற்குக் கீழே அந்தக் கோடு என்ன ஆகிறது என்று ஒரு தடவைகூட அவர் கண் போகவில்லை.

உதவியாளர் சங்கிலியை இழுத்துக்கொண்டு மேற்கே நடந்தார். பொழியைத் தாண்டினார். கிணற்றின் கிழக்குச் சுவரைத் தாண்டினார். கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய், மோட்டார் ரூமையும் தாண்டி, நாலு எட்டு வைத்து நின்றார்.

"இங்கீங்க சார்."

"கம்பி அடி."

"சார், அது கெணறுங்க" என்றார் மருதாசலம்.

"கெணறுன்னு தெரியுதுங்க."

"படத்துல கெணறு காட்டலீங்களே?"

"படம் போட்டதுக்கு அப்பறம் வெட்டியிருப்பாங்க. எனக்குப் படத்துல என்ன இருக்குதோ அதுதானுங்க."

கண்ணாத்தாள்தான் யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"என்ற மாமனார் ஒருக்கா ஏதோ சொன்னாருங்க. அப்பெல்லாம் எருது பூட்டித்தானுங்களே ஏரு. பொழி ஒடிஞ்சு ஒடிஞ்சு போனா ஏரு திருப்ப முடியலைன்னு அண்ணந் தம்பி ரண்டு பேரும் வாய்ப்பேச்சா மாத்திக்கிட்டாங்களாம். வடவோரத்து மூணடிய எங்க மாமனார் எடுத்துக்கிட்டாரு. நடுவுல பாறையாக் கெடந்தத உங்கப்பாரு எடுத்துக்கிட்டாரு. அப்பறமேல்தானுங்க அவரு அந்தப் பாறைய ஒடைச்சுக் கெணறு வெட்டுனது."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க நங்கை?"

"இந்தக் கம்பியப் பாத்ததுக்கப்பறந்தானுங்க எனக்கே நாவகம் வருது. மூணடிதானேன்னு இருந்தேன். இது கெணத்துக்குள்ள போவும்னு ஆரு கண்டா?"

எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ பொழி உண்டு. ஏர் நேராக ஓட வேண்டுமென்று அண்ணன் தம்பி பேசி மாற்றிக்கொண்டது, தண்ணீர் பாய வேண்டுமென்று மாமன் மச்சான் விட்டுக் கொடுத்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, அளக்காத வரைக்கும் எழுதவும் தேவையில்லை. மருதாசலம் தன் கையெழுத்தைப் போட்டு மனுக் கொடுத்து அளந்துவிட்டார்.

அளவைக்காரரை ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டார். "இத எழுதாம உட்டர முடியுங்களா?"

"நீங்கதானுங்களே கேட்டீங்க? ரண்டு பேரும் பாத்துக்கிட்டு நிக்கறீங்க. நான் எப்படி எழுதாம போறது?"

கிணற்றுக்கு மேற்கே இரண்டு கல் நட்டார்கள்; கிணறும் மோட்டார் ரூமும் கண்ணாத்தாள் பக்கம் போயின. கண்ணாத்தாள் கிளம்பும்போது, "வெசனப்படாதீங்க தம்பி. எப்பவும் போலத் தண்ணி எடுத்துக்கங்க, நானா தடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மனசாரத்தான் சொன்னாள். அளவைக்காரரும் உதவியாளரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மருதாசலம் இலையில் உட்கார்ந்து பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் காலை கண்ணாத்தாள் கிணற்றுமேட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்குத் தண்ணீர்தான் போகுமே தவிர, அவள் கிணற்றுக்கு வந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தாள்.

"எத்தன அடிங்க தம்பி?"

"எழுவது."

"அடேயப்பா" என்றாள். போய்விட்டாள்.

அடுத்த நாள் மறுபடியும் வந்தாள். மோட்டார் ஒருநாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், ஓடினால் தண்ணீர் எவ்வளவு இறங்கும், விடிவதற்குள் எவ்வளவு ஊறும் என்றெல்லாம் கேட்டாள். அதற்கடுத்த நாள் ஓஸில் ஒரு மணி நேரம் தண்ணீர் வேண்டுமென்றாள். மருதாசலம் வால்வைத் திருகப் போகவில்லை. எப்படிப் போவது? வாரம் திரும்புவதற்குள் டிராக்டர் வந்து பொழியை ஒட்டி அவள் காட்டை உழுதது. தக்காளி நாற்றுக்குப் பாத்தி கட்டினாள். நெருஞ்சியைத் தவிர வேறெதையும் சித்திரையில் பார்த்திராத காட்டில் தண்ணீர் வளைந்து வளைந்து ஓடியது. அதன் ஓரத்தில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். தப்பு சொல்ல முடியாது, அழகாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கம் கொட்டாயில் நிலைமை வேறு. சித்திரை வெயிலில் மத்தியானம் மூன்று தடவையாவது கூரை மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பாத்திக்கு ஓடுகிற நேரத்தில் கூரைக்கு ஏறாது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, மூச்சு வாங்கின. முதல் நாள் பதினொன்று செத்தது. மறுநாள் முப்பதுக்கு மேல். அமுதவல்லி சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு போய்க் குழியில் கொட்டினாள். கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அவங்க குடுக்கறேன்னு சொன்னாங்களேங்க. மோரு குடுக்கற மாதிரி குடுத்தாங்களே. வாங்கிக்கிட்டு வந்திருந்தா நம்ம கெணறு நம்மளுதா இருந்திருக்குமே. நானாச்சும் அன்னிக்கு உங்க காலப் புடிச்சு நிறுத்தியிருக்கோணும்."

"போதும் உடு."

"போதும்னு அன்னிக்குச் சொல்லலியே நீங்க?"

மருதாசலத்தின் நடை இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. கல்லுக்கும் கிணற்றுக்கும், கிணற்றுக்கும் கொட்டாய்க்கும். மூன்றாம் முறையாகச் சாக்கு நிறைந்த அன்றைக்குப் பொழுதோடு இரண்டு பேரும் கண்ணாத்தாள் கொட்டகைக்குப் போனார்கள். அவள் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"நங்கை, நம்ம பெரியவங்க வெச்சிருந்த மாதிரியே இருந்துக்கலாமுங்க" என்றார் மருதாசலம். வீட்டிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு. "வடவோரத்து மூணடிய நீங்களே வெச்சுக்கங்க. எனக்குக் கொட்டாயே வேண்டாம். கெணத்தோரம் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும். இந்தத் தடவ எழுதியே வெச்சுக்கலாமுங்க."

கண்ணாத்தாள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"மூணடிக்குக் கெணறுங்களா தம்பி?"

"எங்கப்பாவும் பெரியப்பாவும் அப்படித்தானுங்க மாத்திக்கிட்டாங்க."

"அப்ப அங்க பாறைதானுங்களே கெடந்தது."

"அப்ப அஞ்சடி எடுத்துக்கங்க. பத்தடி எடுத்துக்கங்க நங்கை, நான் ஒண்ணுஞ் சொல்லல."

கண்ணாத்தாள் பாத்திப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அமுதவல்லிதான் கிட்டே போய் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, சபரி போன்ல ஏதாச்சும் சொன்னானா? அவன் சொல்லிக் குடுத்து நீங்க பேசறீங்களா?"

"அவன் எங்க போன எடுக்கறான்? எனக்கேதான் அமுதா இப்படி ஆயிப்போச்சு." கண்ணாத்தாள் அழுகிற மாதிரி இருந்தாள், அழவில்லை. "நாலு வருசமா எட்டு ஆட்ட வெச்சுக்கிட்டு நல்லாத்தான் இருந்தேன். அரை மணி தண்ணிக்கே சந்தோசமா இருந்தேன். என்னுதுன்னு தெரிஞ்சு போச்சு பாரு, அன்னிக்குப் புடிச்சது. சோத்துல கை வெச்சா எறங்க மாட்டேங்குது. எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி அந்தக் கல்ல ஒருக்காத் தொட்டுப் பாத்துட்டு வாரேன். உனக்குக் கோழி சாவறது எனக்குந் தெரியுது. தெரிஞ்சும் உட முடியலியே, நான் என்ன பண்ணட்டும்?"

மருதாசலத்துக்கு அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் புரியாமல் இல்லை. ஊரில் வேறு யாருக்கும் அது அவ்வளவு நன்றாகப் புரிந்திருக்காது. அதனால்தான் மேற்கொண்டு கெஞ்சத் தோன்றவில்லை அவருக்கு. கோழிகளை வருகிற விலைக்குத் தள்ளிவிட ஜெயபிரகாஷுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததும் உடம்பு கூசியது.

"மோட்டார் ரூம் சாவியக் குடுத்துட்டுப் போனீங்கன்னா..." என்றாள் கண்ணாத்தாள்.

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். பத்து எட்டு போயிருக்க மாட்டார்கள், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, சித்த நில்லுங்க. அளவைக்கு மனு எங்கீங்க குடுக்கறது? எனக்குக் கெழக்கால பாவாயி காடு இருக்குது பாருங்க, அந்தப் பொழியும் ஒரு மூணடி இந்தப் பக்கமா வந்திருக்கும்னு தோணுது."